வேலூர் வெயிலும் மீன் தொட்டியும்: நோயை ஆரம்பத்திலேயே பிடிப்பது

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றச் சொல்வார்கள். மார்கழிக் குளிரில் வேலூருக்கு அது சரி. கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீரே 32-ஐத் தாண்டி நிற்கும்போது ஹீட்டருக்கு வேலையே இல்லை. இங்கே மாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தியம்.

தொட்டியைப் பார்க்க நல்ல நேரம் காலையில், தீனி போடுவதற்கு முன். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குவது, கல்லில் உடம்பை உரசுவது, மேலே வந்து மூச்சு வாங்குவது ஆகியவை பெரும்பாலும் புள்ளி தெரிவதற்கு முன்பே வந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உப்புத் தூள் அளவில் தனித்தனி மணிகள் இருந்தால் வெள்ளைப் புள்ளி நோய். பொன்னிறத் தூசு படிந்து மினுங்கினால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். வாயோரத்திலும் முதுகிலும் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் என்றால் காலம்னாரிஸ். பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருக்கும், ஆனால் அது பாக்டீரியா. பூஞ்சை மருந்துக்கு மசியாது, சூடு ஏற ஏற வேகமாகப் பரவும். ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளை மணிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம்.

வெள்ளைப் புள்ளியில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது. புள்ளி என்பது தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணி. அங்கே அதை மருந்து தொடாது. அது உதிர்ந்து அடிமணலில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். தினமும் சைஃபன் குழாயால் அடிமணலை உறிஞ்சி எடுங்கள்.

வெள்ளைப் புள்ளிக்கான உப்பு வைத்தியத்துக்கு அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 2 கிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மணல் போக ஏறக்குறைய 45 லிட்டர் நிற்கும். 90 கிராம் போதும். மக்கில் கரைத்து, ஒரு நாளில் மூன்று தடவையாக ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரும், நீங்களாக எடுத்து மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புத் தண்ணீரும் சேர்க்க வேண்டும். கோரிடோராஸ், லோச் வகை மீன்களுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது, பாதி அளவில் தொடங்குங்கள். மெத்திலின் ப்ளூ என்ற நீல மருந்தை மீன்கள் வழக்கமாக வாழும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும்.

கோடையில் வரும் சாவுகளில் பாதிக்கு நோயே காரணமில்லை என்பது எங்கள் கணிப்பு. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். அதோடு, போர் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 8 பக்கம் இருந்தால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சாக மாறும் பங்கும் கூடும். செவுள் சிவந்து, மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் மருந்து பாட்டிலை எடுக்காதீர்கள். கால் பங்கு தண்ணீரை மாற்றி, ஏர் பம்பைக் கூட்டுங்கள். மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பினால் 2 டிகிரி வரை இறங்கும். ஐஸ் கட்டி வேண்டாம், சூடு திடீரென ஏறி இறங்குவதே மீனை நோயில் தள்ளும். தீனியைப் பாதியாக்குங்கள். பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். 100 லிட்டருக்கு 1 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கரைத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் திறந்து வையுங்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் உண்டு. அங்கே போர் தண்ணீரைத் தவிர்ப்பதே நல்லது.

செதில்கள் எல்லாம் தூக்கி நின்று வயிறு உப்பினால் டிராப்ஸி. பிழைப்பது அபூர்வம், உடனே தனியாகப் பிரியுங்கள்.

சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வாங்கி வந்தாலும், உள்ளூர்க் கடை மீனானாலும், பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து, ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்ட 20 லிட்டர் தனித் தொட்டியில் மூன்று வாரம் வையுங்கள். பைத் தண்ணீர் வாஷ்பேசினுக்கு. அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனிக் குழாய். ஈர வலை ஒன்று போதும், நோய் தொட்டி மாறிவிடும்.