ரைடிங் மோவரில் சருகு அள்ளும்போது செய்யக் கூடாதவை

அமெரிக்காவின் மிச்சிகனில் அக்டோபர் நடுவில் மேப்பிள் கொட்டத் தொடங்கும். ஓக் மரம் அவசரப்படாது, நவம்பர் கடைசி வரை இலையைப் பிடித்து வைத்திருக்கும். ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர் மனையோடு வீடு வாங்கியவருக்கு அந்த ஆறு வாரமும் சருகோடுதான் பொழுது. ரேக் எடுத்து வாரினால் முதுகு விட்டுப்போகும் என்பதால், நம் ஆட்கள் பலரும் உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் ரைடிங் மோவருக்குப் பின்னால் பை மாட்டி அள்ளுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் புல்லுக்கு ஓட்டுகிற மாதிரியே சருகுக்கும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், பெல்ட் போகும், சில நேரம் தீயே பிடிக்கும்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தவறு தானாக நின்றுவிடும். இந்த வண்டியில் வேலை செய்வது காற்று. பிளேடின் இரு முனைகளிலும் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். அது சுற்றும்போது ஃபேன் மாதிரி காற்றைக் கிளப்பும். அந்தக் காற்றுதான் சருகைத் தரையிலிருந்து தூக்கி, பிளேடை மூடியிருக்கும் டெக் என்ற இரும்புக் கூண்டுக்குள் சுழற்றி, குழாய் வழியாகப் பைக்குள் தள்ளுகிறது. காற்று எங்கே தடைபட்டாலும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

அதைத் தடுப்பதில் முதல் எதிரி ஈரம். நான் வீடு வாங்கிய முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பனி காயும் முன்னாலேயே இறங்கிவிட்டேன். இரண்டு வரிசை ஓட்டுவதற்குள் எஞ்சின் சத்தம் கனத்தது. திரும்பிப் பார்த்தால் வண்டி வந்த தடத்தில் சருகு கொத்துக் கொத்தாக விழுந்து கிடக்கிறது. குழாயைக் கழற்றினேன். உள்ளே வடிகட்டிய தேயிலைச் சக்கை மாதிரி கறுத்து இறுகிய ஒரு கட்டி, தொட்டால் வெதுவெதுப்பு. குச்சியால் குத்திக் குத்தி எடுக்க அரை மணி நேரம் ஆனது. இப்போதெல்லாம் ஒரு கைப்பிடி சருகை எடுத்துக் கசக்கிப் பார்ப்பேன். அப்பளம் மாதிரி நொறுங்கினால் வண்டியை எடுப்பேன், துவண்டு மடங்கினால் மதியம் வரை பொறுப்பேன். மழை பெய்திருந்தால் ஒரு நாள் விட்டுத்தான்.

அந்த அடைப்பை எடுக்கும்போது செய்கிற தவறுதான் எல்லாவற்றிலும் கொடியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய்க்குள் கையை விடுகிறார்கள். பிளேடு முனையின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பிளேடு சுவிட்சை அணைத்த பிறகும் சில நொடிகள் சுற்றும். பிளேடை அணையுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை உருவிச் சட்டைப்பையில் போடுங்கள், முழுக்க நின்றதா என்று பாருங்கள். அப்புறமும் கை வேண்டாம், குச்சிதான். சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் நிற்கிறதே என்று சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சைக் கட்டிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் சுவிட்ச் இருப்பதே உங்கள் கைகால்களுக்காக.

அடுத்தது வேகம். மெதுவாக ஓட்டச் சொன்னால் பலர் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது பிளேடும் மெதுவாகி, காற்றும் குறைந்து, சருகு குழாயிலேயே தங்கிவிடும். திராட்டில் முழுதாக, முயல் படம் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். குறைக்க வேண்டியது சக்கரத்தின் வேகத்தை மட்டும். நாம் நடக்கும் வேகம் போதும், சருகு கனமாகக் கிடந்தால் அதிலும் பாதி.

எல்லாம் கொட்டி முடியட்டும், ஒரே தடவையில் அள்ளிவிடலாம் என்று காத்திருப்பதும் வீண். கணுக்கால் ஆழத்துக்குச் சருகு சேர்ந்துவிட்டால் டெக் அதைத் தூக்காது, முன்னால் தள்ளிக்கொண்டே போகும். வாரம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். டெக்கை அடிமட்டத்துக்கு இறக்கினால் சுத்தமாக அள்ளும் என்பதும் தப்புக் கணக்கு. காற்று உள்ளே வர இடமிருக்காது, மண்ணையும் சுரண்டும். முதல் சுற்றுக்கு 3½ அங்குல உயரம் வையுங்கள், மிச்சத்துக்கு இன்னொரு சுற்று போகலாம். மழுங்கிய பிளேடு, கழற்ற மறந்த மல்ச் மூடி (சருகு வெளியே போகாமல் உள்ளேயே நொறுங்க டெக்கின் வாயை அடைப்பது) இரண்டையும் தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

சருகுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. தோட்டத்துக் குழாய், குழந்தையின் பொம்மைக் கார், மரத்திலிருந்து விழுந்த கெட்டி ஓட்டு பிளாக் வால்நட் காய். பிளேடில் பட்ட வால்நட் காய் கல் மாதிரி பறக்கும். ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். மடியில் உட்கார வைத்து ஓட்டவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ரைடிங் மோவரைத் தொடக் கூடாது என்கிறது.

இரட்டைப் பை நிறைந்தால் 200 லிட்டருக்கு மேல் சருகு. அந்தப் பாரம் முழுதும் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்குவதால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. சரிவுள்ள மனையில் பை பாதி நிறைந்ததுமே கொட்டிவிடுங்கள். சரிவில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி இறங்குங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 15 டிகிரி சரிவுதான் எல்லை.

இனி தீ. காய்ந்த சருகு டெக்கின் மேலும், எஞ்சினுக்குக் காற்று போகும் வலையின் மேலும், சைலன்ஸரைச் சுற்றியும் சேரும். புகை வாசம் வந்த பிறகு பார்ப்பது தாமதம். ஒவ்வொரு முறை பை கொட்டும்போதும் எஞ்சினை நிறுத்தி, சைலன்ஸரில் கை படாமல், சேர்ந்த சருகைத் தட்டிவிடுங்கள். முடிந்ததும் நேராக கராஜுக்குள் விடாதீர்கள். அரை மணி வெளியில் ஆறட்டும்.

உண்ணி பற்றியும் சொல்ல வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தக் குளிரிலும் சருகில் இருக்கும். பேன்ட் முனையை சாக்ஸுக்குள் சொருகுங்கள், வேலை முடிந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு எல்லாம் பாருங்கள்.

எனக்கு மனசு வருந்துகிற தவறு ஒன்று உண்டு: ஒரு இலை விடாமல் அள்ளுவது. புல்லை மூடிக் கிடக்கும் சருகை எடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் மெல்லிய படலத்தை மல்ச் மூடி போட்டு நகத்தளவு துண்டாக நொறுக்கி அங்கேயே விடலாம், இடையில் புல் தெரிந்தால் போதும். அது புல்லுக்குக் கேடில்லை என்று மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புல்வெளி ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். மரத்தடியிலும் வேலியோரமும் வண்டியையே விடாதீர்கள். வெளிர்பச்சை இறக்கையுள்ள லூனா அந்துப்பூச்சியின் கூடு அங்கே ஓர் இலையில் சுருண்டு குளிர்காலம் கழிக்கும். மின்மினியின் புழுவும் அந்தச் சருகையும் மண்ணையும் நம்பித்தான் இருக்கிறது.

கடைசி ஓக் இலையும் விழுந்த பிறகு, வண்டியை மூடி வைக்கும் முன் டெக்கின் அடியைச் சுரண்டி, கழுவிக் காய வையுங்கள். அங்கே ஒட்டிய ஈரச் சருகு ஏப்ரல் வரை இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும்.