மாடித் தோட்டத்து மண் இறுகாமல் இருக்க

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்து ஓய்ந்ததும் பையிலுள்ள கத்திரிச் செடி வாடி நிற்கும். மண்ணில் விரலை விட்டால் ஈரம் சொதசொதவென்று இருக்கும், செடியோ தண்ணீர் காணாததுபோலத் தொங்கும். கடலூர், புதுச்சேரி மாடிகளில் கார்த்திகைவரை இந்தக் காட்சி சகஜம். உடனே மருந்து தேட வேண்டாம். தண்டின் அடிப்பகுதியை வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பால் போல நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். எதுவும் இறங்காமல், வேர் மட்டும் பழுப்பாகிக் கொழகொழவென்று, சாக்கடை வாடையோடு கையில் வந்தால் வேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. காற்று இருக்க வேண்டிய துளையில் தண்ணீர் நின்றால் வேர் சுவாசிக்காது. சுவாசிக்காத வேர் தண்ணீரையும் உறிஞ்சாது.

மண்ணில் காற்று நிற்க எந்தப் பொருளைச் சேர்க்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், எவ்வளவு பொடியை வெளியே எடுக்கிறோம் என்பது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண், மண்புழு உரம், நாள்பட்ட தென்னை நார்க்கழிவு மூன்றுமே பொடி. மூன்றையும் கலந்தால் முதல் மாதம் பொலபொலவென்று இருக்கும், மூன்றாம் மாதம் இட்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெரிய துண்டுகளுக்கு இடையில்தான் காற்று நிற்கும்; அந்த இடைவெளியைப் பொடி போய் அடைத்துவிடும். அதனால் ரவை சலிக்கும் சல்லடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீழே விழுவது தரையில் உள்ள மரங்களுக்கு, மேலே நிற்பது தொட்டிக்கு.

நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பதில் முதலிடம் உமிக்கரிக்கு. எடை குறைவு, சீக்கிரம் மக்காது, மாடித் தளத்துக்குப் பாரமில்லை. அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் உமிச் சாம்பல் சும்மா கிடைத்தாலும் அதில் பாதி தூள்தான், சலிக்காமல் போடாதீர்கள். வீட்டில் சுடுவதே நல்லது. பழைய பிஸ்கட் தகர டின்னின் பக்கங்களில் ஆணியால் முப்பது நாற்பது துளை போடுங்கள். மேலே ஒரு ஓட்டை வெட்டி மூன்றடி இரும்புக் குழாயைப் புகைபோக்கியாகச் செருகுங்கள். மண் தரையில் கொட்டாங்குச்சி நெருப்பு மூட்டி, டின்னை அதன்மேல் கவிழ்த்து, சுற்றிலும் பச்சை உமியைக் கூம்பாகக் குவிக்க வேண்டும். கறுப்பு எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கே வெளிப்புறத்து உமியைத் தள்ளி மூடிக்கொண்டே இருங்கள். முக்கால்வாசிக்கு மேல் கறுத்ததும் பரப்பித் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். சாம்பல் நிறமாக விட்டால் துண்டு போய்த் தூளாகிவிடும். உள்ளே கங்கு இருக்கும், மறுநாள்வரை சாக்கில் அள்ள வேண்டாம். மாடியில் வைத்துச் சுடவே கூடாது, தளம் வெடிக்கும். சுட்ட உமிக்குக் காரத்தன்மை உண்டு. ஒருமுறை அலசி, சாணிக் கரைசலில் பத்து நாள் ஊறப்போட்டுச் சேர்த்தால் செடிக்குச் சேர வேண்டிய சத்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளாது.

அடுத்தது சூளைச் செங்கல் துண்டு. கடலைப்பருப்பு முதல் சுண்டல் அளவுவரை உடைத்து, தூளைச் சலித்துவிட்டுக் கழுவ வேண்டும். இடித்த சுவரின் கல்லில் சிமென்ட் ஒட்டியிருந்தால் தள்ளிவிடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் போட்டுக் காலையில் கையால் நசுக்கினால் கரையும் கல் சரியாக வேகாதது, அதுவும் ஆகாது.

நார்க்கழிவில் உப்பு அதிகம். ஐந்து கிலோ கட்டியைப் பெரிய டிரம்மில் ஒருநாள் ஊறவைத்துப் பிழிய வேண்டும். இப்படி மூன்று முறை. முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும், கடைசியில் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். கடைசி முறை ஒரு கைப்பிடி ஜிப்சம் போட்டால் சோடியத்தை வெளியேற்ற உதவும். கடலோரத் தெருக்களில் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். மழைநீரைப் பிடித்து வைத்துக் கழுவுங்கள். சோடியம் மண்ணின் களித் துகள்களைப் பிரித்துவிடும்; பிரிந்தவை துளைகளை அடைத்து, காயும்போது மேலே ஓடு கட்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலைத் தொட்டிக்குள் விடக்கூடாது என்பதும் முதலில் இதற்காகத்தான்.

வேறு சிலவற்றையும் தவிர்க்கலாம். பண்ருட்டி முந்திரி ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புச் சக்கையை ஈரமாகப் போட்டால் புளித்து எறும்பை இழுக்கும். நன்றாக மக்கிய பிறகு கொஞ்சம் சேர்க்கலாம். கடலைத் தோல் ஒரு பருவத்துக்குள் மக்கி மண் மட்டத்தை இறக்கிவிடும். மரத்தூள் பெரும்பாலும் பொடிதான்.

கலவைக்குப் பத்து லிட்டர் வாளியே அளவு. செம்மண் 2, நன்றாக மக்கிய தொழுவுரம் 2, மண்புழு உரம் 1, கழுவிய நார்க்கழிவு 2, உமிக்கரி 2, செங்கல் துண்டு 1. அரை கிலோ வேப்பம் பிண்ணாக்கும் சேரும். அளந்தது 100 லிட்டர் என்றாலும் சிறியது பெரியதின் இடைவெளியில் இறங்குவதால் கலந்த பிறகு 80 முதல் 85 லிட்டர்தான் தேறும். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரப் பை நான்கு நிரம்பும். முதலில் காய்ந்த பொருள்களைக் கலந்து, பிறகு தெளித்து நனையுங்கள். பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கீரைக்கு உமிக்கரியை ஒரு வாளி குறைக்கலாம். கற்றாழைக்குச் செங்கலைக் கூட்டுங்கள்.

பையில் போடுவதற்கு முன் கலவையில் எவ்வளவு காற்று நிற்கும் என்று அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, எவ்வளவு தண்ணீர் கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், 900 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஆணியால் ஆறு துளை போட்டு, வெளியே டேப் ஒட்டுங்கள். ஈரக் கலவையை நிரப்பி இரண்டு தட்டு தட்டி, மேல்பரப்பு மினுங்கும்வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அரைமணி கழித்து இறங்கிய அளவை நிரப்பிவிட்டு, கிண்ணத்தின்மேல் டேப்பை உரியுங்கள். ஒரு மணி நேரத்தில் 135 மி.லி. வடிந்திருந்தால் 15 சதவீதம் காற்று. காய்கறிக்கு 15 முதல் 20 நல்லது. 10-க்குக் கீழே என்றால் இன்னும் ஒரு வாளி கரியோ செங்கலோ சேர்க்க வேண்டும். பாட்டில் குட்டை, அதனால் உயரமான பையில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்புவது இங்கே வழிவழியாக வரும் பழக்கம். அது வடிகாலைக் கூட்டாது. நுண் துளை மண்ணிலிருந்து பெரிய துளைக்கு மண் முழுக்க நனையும்வரை தண்ணீர் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே சில அங்குலம் ஈரம் தங்கி நிற்கும். ஜல்லி இருக்கும் உயரம் அத்தனையும் வேருக்கு நஷ்டம். அந்த ஜல்லியைத் தொட்டியின் கீழே வையுங்கள், அல்லது இரண்டு செங்கல்லில் பையைத் தூக்கி நிறுத்துங்கள். மாடித் தளத்தோடு ஒட்டியிருக்கும் துளை அடைபட்டுத்தான் இருக்கும்.

மழைத்துளி அடித்து மேல்மண் இறுகாதிருக்கச் சவுக்குச் சருகு இரண்டு அங்குலம் போடுங்கள். மரக்காணம் வரைக்கும் கடலோரத் தோப்புகளில் அள்ள அள்ளக் கிடைக்கும். வாழையிலைச் சருகு போலத் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது.

ஏற்கெனவே இறுகிய பை இருந்தால் செடி நிற்கும்போது கிளற வேண்டாம், வேர் அறும். தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, பாதி ஈரத்தில், கட்டைவிரல் தடிமன் மூங்கில் குச்சியால் அடிவரை ஆறு துளை போட்டு, உடனே உமிக்கரியால் நிரப்புங்கள். வெறும் துளையாக விட்டால் அடுத்த மழைக்கே மூடிக்கொள்ளும். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொட்டி மீண்டும் சலியுங்கள். செங்கலும் பெருமளவு கரியும் சல்லடையில் அப்படியே மிஞ்சும்; நார்க்கழிவையும் உரத்தையும் மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும்.