முன்பருவக் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கையை மதிப்பிடுவது எப்படி: இந்தியாவை முன்வைத்து

பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஓர் அரசு என்ன செய்கிறது என்று மதிப்பிட முற்படுபவர்கள் பெரும்பாலும் திட்டங்களின் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தியாவில் அந்தப் பட்டியல் நீளமானது. 1975 அக்டோபர் 2 அன்று 33 பகுதிகளில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், 2013-இன் முன்பருவப் பராமரிப்பு மற்றும் கல்விக்கான தேசியக் கொள்கை, 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, அதற்கடுத்த ஆண்டில் அங்கன்வாடி, ஊட்டச்சத்துத் திட்டங்களை ஒன்றாக்கிய போஷன் 2.0 என அடுக்கிக்கொண்டே போகலாம். பட்டியலை மட்டும் பார்த்தால் எதுவும் விடுபட்டதாகத் தோன்றாது. குழந்தையின் வயதை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் இடைவெளி கண்ணில் படும்.

ஆகவே முதலில் ஒரு நீளமான தாளை எடுத்து, கருவுற்ற நாள் முதல் 72 மாதம் வரை ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு திட்டமும் எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிகிறது, யாருக்குப் பொருந்துகிறது என்று அந்தக் கோட்டின் கீழ் குறியுங்கள். முதல் ஆறு மாதத்தை எடுத்துக்கொள்வோம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முறைசார்ந்த வேலையில் இருக்கும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் தாய்க்கு ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. அதே 26 வாரத்தின் 182 நாட்களால் இந்தத் தொகையை வகுத்தால் நாளுக்கு 27 ரூபாய் வருகிறது. அந்தத் தொகையை நம்பி ஒரு தாய் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பாலூட்ட முடியுமா என்பதே கேள்வி. தமிழ்நாட்டைப் போலக் கூடுதல் உதவி தரும் மாநிலங்களுக்குத் தனி வரி போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் கணக்கில் அதைக் கலந்துவிடக் கூடாது.

அடுத்து 6 மாதம் முதல் 3 வயது வரை. உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் பகுதிக்கு ஒதுக்கினாலும் தகும், ஏனெனில் இணை உணவு தொடங்குவதும், வளர்ச்சி தடைபட்டால் பின்னர் மீட்பது கடினமாவதும் இந்த மாதங்களில்தான். இந்த வயதுக்கு அங்கன்வாடி தருவது முக்கியமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு. தாய் வேலைக்குப் போனபின் அதைக் கரைத்து ஊட்டுவது யார் என்பதைப் பெரும்பாலான ஆவணங்கள் கேட்பதில்லை. குழந்தைக் காப்பகத்துக்கான பால்னா திட்டம் 17,000 அங்கன்வாடி-காப்பகங்களை இலக்காகக் கொண்டது. நாட்டில் அங்கன்வாடிகளோ ஏறத்தாழ 14 லட்சம். இதன் விளைவை ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) பார்க்கலாம்: 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள் 11.3 சதவீதம் மட்டுமே.

இதை வேறுவிதமாகச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை நினைவூட்டலாம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளையே இலக்காக வைத்து, மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏற்றம் தடைபட்ட குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் கூடுதல் உணவு தந்து, தாய்க்கும் அருகிலிருந்து வழிகாட்டிய ஏற்பாடு அது. எந்த வயதுக்காக வேலை செய்கிறோம் என்பதில் அதற்குக் குழப்பம் இருக்கவில்லை.

கோடு முடிந்ததும் சட்டத்தின் வினைச்சொற்களைப் படியுங்கள். 2002-இன் 86-ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, ஆறு வயது வரை பராமரிப்பும் கல்வியும் வழங்க அரசு ‘முயல வேண்டும்’ என்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 11-ஆவது பிரிவில், முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ஆனால் 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரை அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. அதாவது நான்கு வயதுக் குழந்தைக்குச் சோறு உரிமை. பாடம் அரசின் முயற்சி. சோறு வராவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம், பாடம் நடக்காவிட்டால் மனுதான் எழுதலாம். கொள்கையின் உறுதியை அளக்க இந்த வேறுபாட்டைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பார்க்கும்போது மொத்த ஒதுக்கீட்டைப் பார்த்து மலைத்துவிடாமல், ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று இறக்கிக்கொள்ளுங்கள். 2017-இல் திருத்தப்பட்ட விதிப்படி சாதாரணக் குழந்தையின் கூடுதல் ஊட்டச்சத்துக்கு நாளுக்கு 8 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 2,400 ரூபாய். தானியம் மானிய விலையில் கிடைப்பதைக் கணக்கில் கொண்டாலும், பருப்பு, எண்ணெய், காய்கறி விலையோடு அந்த விதி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

இவ்வளவும் மேசையில் செய்யும் வேலை. இனி ஓர் அங்கன்வாடி மையத்துக்குப் போய் காலை முதல் மதியம் வரை உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பணியாளர் அப்போது என்ன செய்கிறார் என்று மட்டும் குறியுங்கள்: குழந்தைகளோடு பேச்சும் விளையாட்டும், உணவும் சுத்தமும், பதிவேடும் கைபேசியும் என மூன்று பத்திகள் போதும். நான் இப்படி உட்கார்ந்த ஒரு மையத்தில், சுவரில் வாரப் பாடத்திட்டம் அழகாக ஒட்டியிருந்தது. பாட்டு தொடங்கியபோது ஒரு தாய் சத்துமாவு வாங்க வந்தார். அவர் முகத்தைச் செயலியில் படம்பிடித்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது, சிக்னல் கிடைக்கவில்லை. பணியாளர் கைபேசியை உயர்த்தியபடி வாசலுக்கும் மரத்தடிக்குமாக நடந்தார். உள்ளே குழந்தைகள் பாட்டின் முதல் இரண்டு வரிகளையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணியாளரிடம் குறை சொல்ல எதுவுமில்லை. ஒருவர் நேரத்தை மூன்று வேலைகளுக்குப் பங்கிட்ட கொள்கையைத்தான் அங்கே அளக்கிறீர்கள். பணியாளரும் உதவியாளரும் மதிப்பூதியம் பெறுபவர்கள் என்பதையும், பணிக்கொடைக்கு அவர்கள் உரிமையுடையவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள், போனபோது இங்கே யார் இருந்தார்கள்?

விளைவு எண்களைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நான்காம் கணக்கெடுப்பில் (2015-16) 38.4 சதவீதம், ஐந்தாவதில் 35.5. அதே காலத்தில் இரத்தசோகையுள்ள குழந்தைகள் 58.6-இலிருந்து 67.1 சதவீதமாக ஏறினார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டும் அறிக்கையை நம்பாதீர்கள். இன்னொன்று: 2020-இல் அளக்கப்பட்ட நான்கு வயதுக் குழந்தையின் உயரம் பெரிதும் 2016 முதல் 2018 வரை அதற்குக் கிடைத்த உணவால் தீர்மானமானது. அந்த எண்ணை 2020-இன் கொள்கைக்கு வரவு வைக்கவும் கூடாது, அதன் மேல் பழி போடவும் கூடாது. பேச்சு, பழகும் விதம், கற்கும் ஆர்வம் ஆகியவற்றுக்கு யுனிசெஃபின் முன்பருவக் குழந்தை வளர்ச்சிக் குறியீடான இசிடிஐ 2030 என்னும், 24 முதல் 59 மாதக் குழந்தைகளின் தாயிடம் கேட்கும் 20 கேள்விகள் இருக்கின்றன. அவற்றை உங்கள் மாவட்டத்தில் ஒரு சிறு மாதிரியில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் விடைகளையும் அதே தாளில், அந்தந்த வயதுக்கு நேராக எழுதுங்கள்.