எஸ்ஸனில் இரண்டு நாள்: பழைய சுரங்க நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

வேலை விஷயமாக டுசல்டோர்ஃபில் மூன்று வாரம் தங்க வேண்டியிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில்தானே இருக்கிறது என்று எஸ்ஸனுக்கு ரயிலேறிவிட்டேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நீளமாக ஒரு கடைத்தெரு. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடைகளுக்கு விடுமுறை. எல்லாம் சாத்திக் கிடந்தது. டிராம் பிடித்துச் சுரங்கத்துக்குப் போனேன். சிவப்பு இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தேன். பூட்டிய கதவுகளை ஒரு சுற்று சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். "பழைய ஃபேக்டரி, அவ்வளவுதான்" என்று வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் செய்தியும் அனுப்பினேன்.

அடுத்த வாரம் கொஞ்சம் படித்துவிட்டு மறுபடி போனேன். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தவன் அருங்காட்சியகம் மூடுகிற நேரத்தில்தான் வெளியே வந்தேன். முதல் முறை நான் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பதை வைத்து எழுதியதுதான் இந்தப் பதிவு. விசா, விமான டிக்கெட் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: ஊரைப் பார்க்கப் போகாதீர்கள்

எஸ்ஸன் இருக்கும் ரூர் பகுதி ஒரே நகரம் இல்லை. டுயிஸ்பர்க், ஓபர்ஹவுசன், எஸ்ஸன், போக்கும், டோர்ட்முண்ட் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஊர்கள். மொத்தம் சுமார் 50 லட்சம் பேர். நடுவில் ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், சுற்றி உணவகங்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சுரங்கம் இருந்த இடத்தைச் சுற்றி வீடுகள் வந்தன, அப்படி வளர்ந்த ஊர்கள் இவை.

என் யோசனை இதுதான்: நிலக்கரி போன வழியிலேயே நீங்களும் போங்கள். பூமிக்குள்ளிருந்து வந்த கரியைக் கழுவினார்கள், சுட்டுக் கற்கரி ஆக்கினார்கள், ஊது உலையில் போட்டு இரும்பு காய்ச்சினார்கள். காசு முதலாளி வீட்டுக்குப் போனது, தொழிலாளி குடியிருப்புக்குத் திரும்பினார். இந்த வரிசையில் பார்த்தால் இரண்டு நாள் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜெர்மன் மொழியில் 'எஸ்ஸன்' என்றால் சாப்பாடு. ஊர் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் சமையல் குறிப்பாக வந்து கொட்டும்.

படி 2: டிக்கெட்

டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும்; அதிவேக ரயில்களில் செல்லாது. ஆனால் இது மாதச் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுத்துவிடுவார்கள். மூன்று வாரம் தங்குபவருக்கு லாபம். இரண்டு நாளுக்கு வருபவர் 24 மணி நேர டிக்கெட் வாங்கினால் போதும்.

இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்தால் அதில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏறுவதற்கு முன்னாலோ ஏறியவுடனோ சின்னப் பெட்டிக்குள் செருகி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாத மாதிரி. இந்தத் தொல்லைக்காகவே நான் செயலியில்தான் வாங்குவேன். வழி பார்க்க ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலி போதும்; கூகுள் மேப்பை நடப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: 107-ஆம் எண் டிராம்

எஸ்ஸன் ஸ்டேஷனில் டிராம் தரைக்குக் கீழே வரும். எதிர்ப் பக்கம் பிரடனை போகிற வண்டியிலும் 107 என்றுதான் எழுதியிருக்கும். நான் எண்ணைப் பார்த்து ஏறினேன், ஊர் பெயரைப் பார்க்கவில்லை. உங்களுக்கு வேண்டியது கெல்சன்கிர்ஷன் போகிற வண்டி. இருபது நிமிடத்துக்குள் 'ட்சோல்ஃபெரைன்' நிறுத்தம், சுரங்கத்தின் பெயரும் அதுதான். இறங்கினால் எதிரிலேயே வாசல்.

படி 4: சுரங்கம் (என்னைக் கவிழ்த்த இடம்)

ட்சோல்ஃபெரைன் வளாகத்துக்குள் நடக்க டிக்கெட் கிடையாது. அதனாலேயே முதல் முறை நான் ஏமாந்தேன். வெளியே நடந்தால் வெறும் செங்கல் சுவர். உயிர் எல்லாம் உள்ளே இருக்கிறது. உள்ளே போக இரண்டு வழி.

முதல் வழி ரூர் அருங்காட்சியகம். கரி கழுவிய கட்டடத்துக்குள் இருக்கிறது. நான் தரைத்தளத்தில் கதவைத் தேடி அலைந்தேன். நுழைவாயில் 24 மீட்டர் உயரத்தில்! வெளியே ஆரஞ்சு நிறத்தில் சாய்வாக ஒரு நகரும் படிக்கட்டு தெரியும், 58 மீட்டர் நீளம். அதில்தான் ஏற வேண்டும். டிக்கெட் கவுண்டரும் மேலேதான்.

ஏன் மேலே? கரியைப் பட்டையில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தளம் தளமாகக் கீழே இறக்கினார்கள். தண்ணீரை மேலும் கீழும் அசைத்தால் கனமான கல் அடியில் தங்கும், கரி மேலே நிற்கும். வீட்டில் அம்மா அரிசி களைந்து கல் அரிப்பாரே, அதே வேலைதான், ஆயிரக்கணக்கான டன் கணக்கில். அருங்காட்சியகத்தையும் அப்படியே அமைத்திருக்கிறார்கள்: 17 மீட்டரில் நிகழ்காலம், 12 மீட்டரில் நினைவுகள், 6 மீட்டரில் வரலாறு. கீழே இறங்கும் படிக்கட்டின் ஓரமெல்லாம் காய்ச்சிய இரும்பு மாதிரி ஆரஞ்சாக ஒளிரும். போர்க்காலத்தில் இந்தச் சுரங்கங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களைப் பற்றிய பகுதியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, வழிகாட்டியுடன் போகும் சுற்று. 12-ஆம் குழியின் உள்பகுதியை இப்படித்தான் பார்க்க முடியும். ஆங்கிலச் சுற்றுகள் குறைவு, ஜெர்மன்தான் அதிகம். ஆகவே முதலில் ஆங்கிலச் சுற்றின் தேதியைப் பாருங்கள், அப்புறம் ரயில், ஹோட்டல் எல்லாம். நான் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சுற்றில்தான் கோபுரத்தின் கதை புரிந்தது. 1932-இல் திறந்த இந்த 12-ஆம் குழியில் கரி மட்டும்தான் மேலே வந்தது. ஆட்கள் வேறு குழிகள் வழியாக இறங்கினார்கள். ஒரு நாளைக்கு 12,000 டன். ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் கட்டடங்களை இரண்டு அச்சுகளில், அளவு பிசகாமல் நிறுத்தியிருக்கிறார்கள். வந்து பார்ப்பவர்கள் மலைக்க வேண்டும் என்பதற்காகவே முன்முற்றம் அரண்மனை வாசல் மாதிரி. 1986 டிசம்பர் 23-ஆம் தேதி மூடினார்கள். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பழைய கொதிகலன் கூடத்தில் ரெட் டாட் வடிவமைப்பு அருங்காட்சியகம் இருக்கிறது. நாற்காலியும் மிக்சியும் பிடித்தவர்கள் போகலாம். எனக்கு அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் தெரிந்த கொதிகலன்கள்தான் பிடித்தன. திங்கட்கிழமை விடுமுறை.

படி 5: கற்கரி ஆலை

பாதிப் பேர் இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள், முதல் முறை நானும்தான். வளாகத்துக்குள்ளேயே பதினைந்து நிமிட நடை. இங்கே 'கோக்' என்ற பலகையைப் பார்த்துக் குளிர்பானம் என்று நினைக்க வேண்டாம், காற்றுப்படாமல் சுட்ட நிலக்கரி அது. வரிசையாக 304 உலைகள், ஒவ்வொன்றும் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஒடுக்கம். 1961 முதல் 1993 வரை எரிந்தன. இப்போது முன்னால் நீளமான தண்ணீர்த் தொட்டி, அதில் புகைபோக்கிகளின் நிழல். சாயங்கால வெயிலில் போங்கள்.

படி 6: டுயிஸ்பர்க், இருட்டிய பிறகு

எஸ்ஸனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம், அங்கிருந்து 903-ஆம் எண் டிராமில் லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் நோர்ட் நிறுத்தம். 1985-இல் அணைந்த இரும்பாலை. இடித்துத் தள்ளாமல், பீட்டர் லாட்ஸ் என்ற வடிவமைப்பாளர் அப்படியே பூங்காவாக்கினார், 1994-இல் திறந்தது. நுழைவு இலவசம். தாதுத் தொட்டிகளின் சுவரில் மலையேற்றம் பழகுகிறார்கள். எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள்.

5-ஆம் எண் ஊது உலைமேல் ஏறலாம், சுமார் 70 மீட்டர். தளமெல்லாம் ஓட்டை போட்ட இரும்பு, கீழே பார்த்தால் வயிறு கலங்கும். குதிகால் செருப்பு ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். வார இறுதி இரவுகளில் பச்சை, சிவப்பு, நீல விளக்குகள் போடுவார்கள். நான் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போனேன், கம்பிப் பாலத்தில் யாராவது நடந்தால் படம் ஆடிவிடுகிறது. கைப்பிடிச் சுவரில் போனை வைத்து எடுத்ததே நன்றாக வந்தது.

படி 7: முதலாளி வீடும் தொழிலாளி வீடும்

மறுநாள் காலை எஸ்6 ரயிலில் எஸ்ஸன்-ஹ்யூகல். எஃகு ஆலை முதலாளி ஆல்ஃப்ரெட் க்ருப் 1873-இல் கட்டி முடித்த மாளிகை, 269 அறைகள். இதுவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கிருந்து ஊருக்குத் திரும்பி யு17 பிடித்து மார்கரெட்டன்ஹ்யோஹ. அவருடைய மருமகள் மார்கரெட்ட க்ருப் 1906-இல் மகளின் கல்யாணத்தை ஒட்டி நிறுவிய குடியிருப்பு. கியோர்க் மெட்ஸன்டோர்ஃப் வடிவமைத்தார். வளைந்த தெருக்கள், கொடி படர்ந்த சுவர்கள். இன்னும் ஆட்கள் வசிக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

சாப்பாடு

பசித்தால் 'டிரிங்க்ஹாலே' தேடுங்கள். நம்மூர்ப் பெட்டிக்கடைதான். கண்ட தண்ணீரையும் சாராயத்தையும் விட்டுத் தொழிலாளர்கள் சோடா குடிக்கட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்தவை. ஞாயிற்றுக்கிழமையும் பல கடைகள் திறந்திருக்கும். அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கறிவூர்ஸ்ட், மசாலா சாஸ் ஊற்றிய சாசேஜ். சைவர்களுக்கு மயோனைஸும் தக்காளிச் சாஸும் ஊற்றிய உருளை வறுவல். மயோனைஸில் முட்டை இருக்கிறது, அதையும் தவிர்ப்பவர்கள் தக்காளிச் சாஸ் மட்டும் கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: "அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டிப்போகலாமா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். ரூர் அருங்காட்சியகத்துக்கு லிஃப்ட் உண்டு, தாராளமாகப் போகலாம். டுயிஸ்பர்க் ஊது உலையில் படிக்கட்டு மட்டும்தான். அம்மாவைக் கீழே பூங்காவில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கீழிருந்து பார்த்தாலும் விளக்குகள் அழகுதான்.

பின்சேர்க்கை 2: "இப்போதும் கரி எடுக்கிறார்களா, பார்க்க முடியுமா?" இல்லை. பூமிக்கடியில் நிலக்கரி எடுத்த ஜெர்மனியின் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21-இல் பக்கத்து ஊரான போட்ராப்பில் மூடப்பட்டது. வேலை மட்டும் தீரவில்லை. தோண்டியதில் நிலம் பல மீட்டர் இறங்கிவிட்டதால், தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ரூரில் பல இடங்கள் ஏரியாகிவிடும். அந்த மோட்டார்களுக்கு ஓய்வே கிடையாது என்று வழிகாட்டி சொன்னபோது ஜெர்மன்காரர்களே சிரித்தார்கள்.

பின்சேர்க்கை 3: ஹம் என்ற ஊரில் உள்ள காமாட்சி அம்பாள் கோவிலை ஏன் சேர்க்கவில்லை என்று இரண்டு பேர் உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய கோவில், 2002-இல் குடமுழுக்கு. அது நிற்பதும் தொழிற்பேட்டைக்குள்தான், எனவே இந்தப் பதிவுக்குப் பொருந்தாத இடம் அல்ல. எஸ்ஸனிலிருந்து ஆர்இ1 அல்லது ஆர்இ6 ரயிலில் ஹம், அங்கிருந்து ஊன்ட்ரொப் போகும் பஸ். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு; திரும்பும் பஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டு கோவிலுக்குள் நுழையுங்கள்.