தரங்கம்பாடி ராஜ வீதியை நடந்து பார்ப்பது எப்படி

தரங்கம்பாடிக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் வண்டியைக் கோட்டை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், கடலைப் பார்த்து நாலு போட்டோ எடுத்து, அரை மணி நேரத்தில் காரைக்காலுக்கோ திருக்கடையூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். கோட்டை ஞாபகம் இருந்தது, வழியில் இருந்த தெரு ஞாபகமே இல்லை. இந்த ஊரின் கதை அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

அதனால் முதல் வேலை, மேற்கே இருக்கிற நகர வாசலுக்கு வெளியிலேயே வண்டியை விட்டுவிடுங்கள். பஸ்ஸில் வந்தால் இன்னும் நல்லது. மதியம் மூன்று மணிக்கு மேல் தொடங்குங்கள், ஏனென்றால் தெரு நேராகக் கிழக்கே கடலுக்குப் போகிறது, காலையில் நடந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், கட்டிடங்கள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். சாயங்காலம் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் மூடும் நேரத்தையும் மட்டும் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஐந்து நிமிஷமாவது நில்லுங்கள். இப்போது நிற்பது 1792-இல் கட்டியது, மேலே டேனிஷ் அரச முத்திரை இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு வந்த டேனிஷ்காரர்கள் 1845-இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை, இருநூறு வருஷத்துக்கு மேல் இந்த ஊர் அவர்கள் கையில் இருந்தது. இந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தால்தான் இது மதில் சூழ்ந்த ஊராக இருந்தது என்பது உடம்புக்கே புரியும்.

அப்புறம் மெதுவாக நடங்கள். ஒரு கட்டிடத்தை அதன் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், எதிர்ச்சாரிக்குப் போய் நின்று மேலிருந்து கீழே பாருங்கள்: முதலில் மாடிக் கைப்பிடிச்சுவர், அடுத்து தூண்கள், ஜன்னல், கடைசியாகப் படி. கிட்டப் போவது அதற்குப் பிறகு. தூண் கல் மாதிரி தெரியும், ஆனால் பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் உள்ளே செங்கல், மேலே வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் காரை. வடிவம் ஐரோப்பா, கைவேலை நம் கொத்தனார்களுடையது.

எந்தச் சுவர் பழையபடி இருக்கிறது, எது பின்னால் ஒட்டுப்போட்டது என்று கண்டுபிடிக்கவும் பழகிக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பூச்சு வெளிறிய வெள்ளையாக, ஓரங்கள் மழுங்கி இருக்கும். சிமெண்ட் சாம்பல் நிறம், ஓரம் கூர்மையாக நிற்கும். கடலோரத்தில் சுவருக்குள் எப்போதும் ஈரமும் உப்பும் ஏறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது, அதனால் சிமெண்ட் ஒட்டுக்குப் பக்கத்தில் பழைய செங்கல் பொரிந்து மாவாகக் கொட்டுவதைப் பார்க்கலாம். நல்ல மனசோடு செய்த ரிப்பேர்தான் பல பழைய வீடுகளைக் கெடுக்கிறது, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உங்கள் ஊரில் தாத்தா காலத்து வீடு இருந்தால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

தாழ்வாரத்துக்குள் போக அனுமதி கிடைத்தால் அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மரக்கட்டைகள், அவற்றுக்கு நடுவே செங்குத்தாகச் செருகிய சின்னச் செங்கல்கள் தெரிந்தால் அதுதான் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரை முறை. ஆள் குடியிருக்கிற இடம் என்றால் கேட்காமல் படி ஏற வேண்டாம்.

நடுவழியில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701, டேனிஷ்காரர்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718, இது தமிழ்ச் சபைக்கு. இரண்டாவதில் கொஞ்சம் அதிக நேரம் இருங்கள். முகப்பில் கிரீடத்தோடு டென்மார்க்கின் நான்காம் பிரெடெரிக் அரசரின் பெயரெழுத்துச் சின்னம், உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. 1706-இல் இங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தவர். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். தமிழ் அச்சுப் புத்தகம் பிடித்தவர்கள் அந்தக் கல் முன்னால் ஒரு நிமிஷம் நிற்காமல் போகக்கூடாது.

தெரு முடிகிற இடத்தில் வெட்டவெளி மைதானம், ஒருபக்கம் 1784 முதல் டேனிஷ் கவர்னர்கள் குடியிருந்த பங்களா, கடலை ஒட்டி 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டை. இப்போது தாராளமாக உள்ளே போங்கள், வந்த தெருவை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது வேறு மாதிரி தெரியும்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் கரையோடு வடக்கே கொஞ்ச தூரம் நடந்து மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போய்விடுங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே, சடங்கன்பாடி என்ற பெயரோடு இந்த ஊர் இங்கே இருந்திருக்கிறது. பாறைகள் வழுக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.