வளர்ந்த பிள்ளைக்கு மனநோய்: பெற்றோர் இருபது ஆண்டுக் கணக்கில் திட்டமிடுவது எப்படி

கோவையிலோ ஈரோட்டிலோ மனநலப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எப்பங்க சரியாவான்?" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் முதல் ஆண்டில் அதற்கு யாராலும் உறுதியான பதில் சொல்ல முடியாது. இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் மனச்சிதைவும், மிகைக் களிப்பும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறும் பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகின்றன. பொறியியல் படிப்பு முடியும் தறுவாயிலோ, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதிலோ, பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்று குடும்பம் மூச்சுவிடும் வேளையில் அவை வந்து நிற்கும். 1980களில் சென்னையில், முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளானவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் பெரும்பான்மையினர் நல்ல நிலையில் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். இடையில் நோய் திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு. எனவே மோசமான ஆண்டுகளையும் தாங்கக்கூடிய ஏற்பாட்டை நல்ல நாளிலேயே செய்துவைப்பது பெற்றோரின் வேலை.

முதலில் மருந்து. மூன்று மாதத்தில் தெளிந்துவிட்ட மகனைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்கு நான் காணும் முதற்காரணம். முதல் முறை வந்த மனச்சிதைவுக்கே தெளிந்த பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது மருந்து தொடர வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். மீண்டும் மீண்டும் வந்தால் இன்னும் நீண்ட காலம். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு குழிக்கும் நேராகப் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதிவைத்தால், "சாப்பிட்டியா, இல்லையா?" என்ற தினசரிச் சண்டை பாதி ஓய்ந்துவிடும். இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம் மாத்திரையை எடுப்பவருக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரவில் ஒன்றும் தோன்றாமல் தவிக்கும்போது 14416 என்ற டெலிமானஸ் எனும் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருந்துக்கு அடுத்தது வீட்டுப் பேச்சு. ஓயாத குறைகூறலும், பகையும், அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாத்தலும் நிறைந்த வீடுகளில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "உன் வயசுல பங்காளி வீட்டுப் பையன் கார் வாங்கிட்டான்" என்பது பெற்றோருக்கு ஆற்றாமை. கேட்கிற பிள்ளைக்கு அது தீர்ப்பு. பேசாமல் முடங்கிக் கிடப்பதும் குளிக்க மறுப்பதும் சோம்பல் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் நோயின் கூறுகளே. இதற்கு நடுவே வேலையை முற்றாகக் கைவிடவும் கூடாது. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, தெரிந்தவர் கம்பெனியில் செக்கிங் டேபிளில் அரை ஷிப்டு நிற்பது என்று சிறிய அளவில் தொடங்கி, வாரச் சம்பளம் எவ்வளவு குறைவானாலும் அதை அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

"ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். திருமணம் நோய்க்கு மருந்தாகாது. நோயை மறைத்து நடத்திய திருமணத்தை மோசடி என்ற அடிப்படையில் செல்லாததாக்கக் கோருவதற்கு 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. அப்படி முறியும் திருமணத்தில் நொறுங்குவது இரண்டு வாழ்க்கைகள். உடல் தேறி, மருந்து நிலைப்பட்டு, மணமக்கள் இருவரும் எல்லாம் தெரிந்து சம்மதித்தால் அது வேறு விஷயம்.

பணத்தில் கண்டிப்பு வேண்டும். வயதுவந்த பிள்ளை வாங்கிய கடனுக்கு, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை, சட்டப்படி நீங்கள் பொறுப்பல்ல. ஆன்லைன் ரம்மிக்கும் குடிக்கும் பட்ட கடனைத் தோட்டத்தை விற்று ஒருமுறை அடைத்தால் அடுத்த கடனுக்கும் வழி திறந்துவிடுகிறது. சாப்பாடு, மருந்து, படுக்க இடம் ஆகிய மூன்றுக்கும் குறை வைக்காமல், ரொக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். ஆனால் பல ஆண்டு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும் என்பதால் அதை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்ட வீடுகளில், பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. வாசல் தெளிக்கும் சாணிப்பவுடர் என்ற நச்சுச் சாயப்பொடி இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. இரண்டையும் இன்றே அகற்றுங்கள். தவிர்க்க முடியாத பூச்சிமருந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். "சாக வேண்டும் போல இருக்கிறதா, கண்ணு?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்கும்போதுதான் பலர் மனம் திறக்கிறார்கள்.

களைத்துப்போய் எங்காவது ஒரு விடுதியில் விட்டுவிட நினைக்கும் நாளும் வரும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை நினைவில் வையுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இல்லாத இல்லத்தின் வாசலையே மிதிக்காதீர்கள். தனக்கு முடியாதபோது சிகிச்சை குறித்துத் தன் சார்பில் பேச ஒருவரை எழுதி நியமிக்கும் உரிமையையும் அதே சட்டம் நோயாளிக்குத் தருகிறது. அவர் தெளிவாக இருக்கும் மாதங்களில் அதைப் பேசி எழுதி வாங்குங்கள்.

"எங்களுக்கப்புறம் யாருங்க பாப்பாங்க?" என்பதே எல்லாவற்றிலும் கனமான கேள்வி. அதை மற்ற பிள்ளைகள் தாமாகப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாமல், உட்காரவைத்துக் கேளுங்கள். மகளோ மகனோ முடியாது என்றால் கோபிக்காதீர்கள். இப்போதே தெரிந்துகொண்டால் வேறு வழி தேட நேரம் இருக்கிறது. நீங்கள் சம்பாதித்த சொத்துக்கு இரண்டு சாட்சிகளுடன் உயில் எழுதுங்கள். நோயுள்ள பிள்ளையின் பங்கை நேரடியாக அவர் பெயருக்கு எழுதாமல், வாடகையோ வட்டியோ மாதாமாதம் அவருக்குச் சேரும்படி ஒரு தனியார் அறக்கட்டளையாக அமைக்க முடியும்; வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதுவதானால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்த்தால், பராமரிப்புத் தவறும்போது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் ரத்துக் கோர முடியும். மாற்றுத்திறனாளிச் சான்றும் வாங்கிவையுங்கள். மனநோயும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அடங்கும்.

இவற்றோடு ஒரு கோப்பு தேவை. எந்த மருந்து பலித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை, நோய் திரும்புமுன் முதலில் என்ன மாறும், தூக்கமா, பேச்சா, யார் சொன்னால் கேட்பார், எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்பவற்றைத் தாய் தன் கையால் எழுத வேண்டும், ஏனெனில் இவற்றில் பாதி எந்த மருத்துவச் சீட்டிலும் இராது. நகலைப் பொறுப்பேற்கச் சம்மதித்தவரிடம் கொடுத்து, மருந்து மாறும்போதெல்லாம் திருத்துங்கள்.