கதை சொல்லும் டவர் டிஃபென்ஸ் கேம்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டவர் டிஃபென்ஸ் என்றால், அலை அலையாக வரும் எதிரிகளை டவர் போன்ற காவல்களை நிறுத்தித் தடுக்கும் கேம். இதை விளையாடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, கதை என்றால் வசனம் மட்டும்தான் என்று நினைப்பது. தர்மபுரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் போனும் கையுமாக இருக்கும் பையன்களைப் பாருங்கள். லெவலுக்கு முன்னால் யாராவது பேச ஆரம்பித்தால் போதும், கட்டைவிரல் தானாக ஸ்கிப் பட்டனுக்குப் போய்விடும். அதில் பாதி நியாயம் உண்டு. வளவளவென்று பேசும் கேம்கள் நிறைய. ஆனால் நல்ல கேம்களில், எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான், நம் கையில் என்ன இல்லை என்பதில்தான் கதை இருக்கிறது.

2009இல் பாப்கேப் வெளியிட்ட பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைய வரும் ஜாம்பிகளைச் செடிகள் நட்டுத் தடுக்க வேண்டும். வசனம் என்று பார்த்தால், தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் உளறுவதுதான். ஆனாலும் கதை நகர்கிறது. பகலில், வீட்டுக்கு முன்னால் உள்ள புல்தரையில் தொடங்குகிறோம். முதல் லெவலில் ஒரே ஒரு வரிசை. பிறகு இரவு வருகிறது. செடி வாங்கக் காசாகப் பயன்படும் வெயில் வானத்திலிருந்து விழாது, விலை குறைந்த காளான்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். அப்புறம் பின்பக்க நீச்சல் குளம், அதன்மேல் மூடுபனி, கடைசியில் கூரை. அங்கே தொட்டி வைத்தால்தான் செடி நிற்கும். கூரை சரிவு என்பதால் நேராகச் சுடும் செடிகளுக்கு வேலை கம்மி. தூக்கி எறியும் செடிகள் வேண்டும். வீட்டுக்காரனைத் துரத்தித் துரத்திக் கூரைமேல் ஏற்றிவிட்டார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரிகிறது.

அடுத்த தவறு, ஒரு லெவலில் ஜெயித்த அமைப்பை எல்லா லெவலுக்கும் கொண்டுபோவது. உருகுவே நாட்டின் ஐயன்ஹைட் ஸ்டுடியோ 2011இல் வெளியிட்ட கிங்டம் ரஷ்ஷில் வில்லாளர், வீரர் முகாம், மந்திரவாதி, பீரங்கி என்று நான்கே வகை டவர்கள். பீரங்கியை மட்டும் நம்பினால், பறந்து வருபவை தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். முகாம் வீரர்களாலும் அவற்றைத் தடுக்க முடியாது. கவசம் போட்டவனிடம் அம்பு அவ்வளவாக எடுபடாது, மந்திரம்தான். அடுத்த வேவில், அதாவது எதிரிகளின் அடுத்த அலையில், யார் வரப்போகிறார்கள் என்பதைப் பாதை ஓரத்திலுள்ள சின்னமே காட்டும். அந்த வேவை முன்கூட்டியே அழைத்தால் கூடுதல் தங்கமும் கிடைக்கும். பார்க்காமல் அழைப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, பணம். சீனாவின் ஹைப்பர்கிரிஃப் 2019இல் கொண்டுவந்த ஆர்க்நைட்ஸில் கதை நாவல் கணக்கில் நீளம். படிக்கப் படிக்க ஒரு பாத்திரம் மனதில் ஒட்டிக்கொள்ளும். அவரைக் குலுக்கலில் எடுக்கத்தான் பணம் கேட்கிறார்கள். ஆறு நட்சத்திரப் பாத்திரம் விழும் வாய்ப்பு அடிப்படையில் 2 சதவீதம். குறைந்த நட்சத்திரப் பாத்திரங்களை நன்றாக வளர்த்தே கடினமான லெவல்களைத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே கதைதான் கல்லாப்பெட்டி என்று தெரிந்து விளையாடினால் சரி.

இந்த வகை கேமிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். எதிரியோடு பேச முடியாது, சமாதானம் கிடையாது, கதவைத் திறந்து வெளியே போகவும் முடியாது. வேவ் தொடங்கியதும் கதை ஓரமாக நின்றுவிடும். தோற்றால் பெரும்பாலும் மறுபடி அதே லெவல்தான். அந்தத் தோல்வி கதையில் பதிவாகாது.

நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சொந்தமாக கேம் செய்யக் கிளம்பினால் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 1791இல் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை ஏறிப் பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை. செங்குத்துப் பாறை, மேலே திப்புவின் ஆட்கள், கீழிருந்து ஏறி வரும் படை: இந்த வகைக்கென்றே அளவெடுத்துத் தைத்த கதை. தர்மபுரி அப்படி இல்லை. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமானின் அந்தத் தகடூரைச் சேரன் வென்றான். ‘தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை’ என்றே அவனுக்குப் பெயர். அதை அப்படியே டவர் டிஃபென்ஸாக்கி, ஆடுபவரை ஜெயிக்க வைத்தால் வரலாறு பொய்யாகும். எப்படி ஆடினாலும் தோற்க வைத்தால் இரண்டாம் முறையே கேமை அழித்துவிடுவார்கள். கோட்டை விழும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்குள் எத்தனை பேரை வெளியே அனுப்பினோம் என்பதை மதிப்பெண்ணாக வைத்துப் பார்க்கலாம்.